குரோம்பேட்டையோடு நின்ற பாட்டு

சரவணா,

நீ ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் நம் காருக்குப் புது ஸ்பீக்கர் போட்டோமே, அன்றைக்கு, அம்மா பாடிப் பதிந்து வைத்திருந்ததில் எட்டாவது ஃபைல் மட்டும் கெட்டுப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது கெட்டுப்போகவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு மாதமாக நான் மட்டும் காரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்றில்லை. அதைவிடப் பெரிய பொய் ஒன்றை உன்னிடமும், உன் சித்தியிடமும், மாமாவிடமும், கீழ்வீட்டு ராஜியிடமும், துக்கத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் பாதியில் நிறுத்திவிடாதே. கடைசியில் இருப்பது உன் வீட்டு விஷயம்.

விசா வந்ததும் நீயும் நித்யாவும் ஹைதராபாத் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஒரு மாதம் என்னோடு இருக்க வந்தீர்கள். வந்த மறுநாளே நீ கவனித்துவிட்டாய். பொழிச்சலூரிலிருந்து தாம்பரம் வரை உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க நான் ரேடியோகூடப் போடவில்லை. "என்னப்பா, இப்படி ஊமையா ஓட்டறீங்க?" என்று கேட்டாய். ஸ்பீக்கர் சரியில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. ஒன்பது வருஷத்துக் கார், கம்பெனியில் போட்டுக் கொடுத்த ஸ்பீக்கர்கள். கொஞ்சம் கூட்டினால் கதவுத் தகரம் கொரகொரவென்று சேர்ந்து பாடும். நீ அம்மாவின் பழைய போனிலிருந்து மெமரி கார்டை எடுத்து ஒரு சின்ன ரீடரில் போட்டுக் காரில் செருகினாய். அதில் அவள் பாடிய பன்னிரண்டு பாட்டு இருந்தது. நீ ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்காக, உனக்கு அனுப்ப அவள் பாடிப் பதிந்தவை. சின்ன அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு விமானம் போய் அடுத்தது வருவதற்குள் பாடி முடிப்பாள். பதினொன்று ஓரளவு கேட்டது. எட்டாவதில் சத்தம் மிகவும் குறைவு. இரைச்சல்தான் வந்தது. நீ காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டுவிட்டு, "இதுல அம்மா யார்கிட்டயோ பேசற மாதிரி இருக்குப்பா" என்றாய்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, அது எந்த நாள் என்று.

அதற்குப் பிறகு நீ காருக்கு ஒரு திட்டம் போட ஆரம்பித்தாய். மாதக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கார் படம் வரைந்தாய். ஆடியோ மாற்றுவது என்றால் முடிச்சூர் ரோட்டில் டிக்கி அதிரப் போகிறார்களே, அதுபோலத்தான் என்று நான் நினைத்திருந்தேன். நீ சிரித்தாய். "சத்தம் வேண்டாம்பா. தெளிவு வேணும்" என்றாய். டேஷ்போர்டில் இருக்கிற செட் அப்படியே இருக்கட்டும். பின்கதவுகளைத் தொட வேண்டாம். முன்கதவு இரண்டையும் பிரித்து, உள்தகரத்தில் கனமான ஷீட் ஒட்டினால் அந்தக் கொரகொரப்பு அடங்கும். கதவில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கண்ணாடி ஓரத்தில் மேல்குரலுக்கு ஒரு ஜோடி குட்டி ட்வீட்டர், டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். அவ்வளவுதான். டிக்கியில் பெட்டி எதுவும் வேண்டாம், "அரிசி மூட்டைக்கு இடம் வேணும்ல உங்களுக்கு" என்றாய். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தத் தாளை எடுத்து ஒன்றை அடிப்பாய், ஒன்றை எழுதுவாய். நித்யா பார்த்துவிட்டு, "மாமா, எங்க கல்யாணத்துக்குக்கூட இவர் இவ்ளோ பிளான் பண்ணல" என்று என்னிடம் புகார் சொன்னாள். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன்.

நான் தள்ளிப்போட்டேன். முதல் வாரம் வெயில் என்றேன். அடுத்த வாரம் ஆடி மாதத்தில் காரில் கை வைக்க வேண்டாம் என்றேன். நான் ஆடி ஆவணி பார்க்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்காகச் செலவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். ஒரு காலையில் சாவியை நீயே எடுத்துக்கொண்டு, "ஏறுங்கப்பா" என்றாய். ஏறினேன்.

கீழ்க்கட்டளையில் அந்தக் கடையை உனக்கு நினைவிருக்கும். சேகர் என்று நாற்பது நாற்பத்தைந்து வயது ஆள், ஒருத்தராகவே எல்லா வேலையும் செய்தார். கதவைப் பிரித்து ஷீட் ஒட்டி, ஸ்பீக்கர் மாட்டி முடிக்க மூன்று மணி ஆயிற்று. பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் என் காது வரை டேப்பால் அளந்தார். பக்கத்து ஸ்பீக்கர் சத்தம் முன்னால் வந்துவிடும், தூரத்து ஸ்பீக்கர் சத்தம் பிந்தி வரும், இரண்டையும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி வைத்தால் பாடுகிறவர் கண்ணெதிரே நிற்பார் என்று நீ எனக்கு விளக்கினாய். சேகர், "பாட்டெல்லாம் வேணா சார். உங்களுக்கு நல்லா பழகின வாய்ஸ் எதுனா கீதா? அதை வச்சுதான் செட் பண்ணணும்" என்றார். நீ மெமரி கார்டைக் கொடுத்தாய்.

முதல் பாட்டு வந்தது. கதவுகளிலிருந்து வரவில்லை. டேஷ்போர்டுக்கு மேலே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி மாலதி வந்து நின்றாள். மூச்சு இழுப்பது கேட்டது. உதடு பிரிவது கேட்டது. எனக்குப் பின்னால் நகர இடமில்லை. நீ பக்கத்து சீட்டில் இருந்தாய். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாய். "நான் ஊர்ல இல்லாததாலதான்பா. இருந்திருந்தா உடம்பு முடியலன்னு என்கிட்டயாவது சொல்லியிருப்பா. தினம் போன் பண்ணி என்ன பிரயோஜனம், ஒரு நாள்கூட எப்படிம்மா இருக்கேன்னு நான் கேட்டதில்ல" என்றாய். அம்மா போனதிலிருந்து மூன்று வருஷமாக நீ இதையே விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் உன் முதுகைத் தடவி, மூன்று வருஷமாகச் சொல்கிற அதே பதிலைச் சொன்னேன். "அவ யார்கிட்டயும் சொல்லலடா."

அப்போது உன் ஆபீஸிலிருந்து போன் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலுக்குப் போய்விட்டாய். சேகர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து எட்டாவதில் நின்றார். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று நன்றாகக் கூட்டினார்.

உனக்கு அந்தப் பாட்டு தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைத் தூங்கவைக்க அவளே கட்டியது. பஸ் ஸ்டாப் பாட்டு. "பொழிச்சலூர் வந்தாச்சு, பொட்டுத் தூக்கம் வந்தாச்சு. பம்மல் வந்தாச்சு, பாதித் தூக்கம் வந்தாச்சு." பல்லாவரம், குரோம்பேட்டை என்று போகும். தாம்பரம் வருவதற்குள் நீ தூங்கிவிடுவாய். அந்த எட்டாவது ஃபைலில் அவள் குரோம்பேட்டை வரை பாடுகிறாள். அங்கே நின்றுவிடுகிறாள். இருமுகிறாள். பிறகு, "ஏங்க, ஒரு நிமிஷம் வாங்களேன். மூச்சு வாங்குதுங்க. உக்காந்தாக்கூட அடங்க மாட்டேங்குது" என்கிறாள். கூடத்திலிருந்து ஒரு ஆள் பதில் சொல்கிறான். "பாட்டுப் பாடறதுக்கு மூச்சு இருக்கில்ல? அப்புறம் என்ன மூச்சு வாங்குது உனக்கு? சும்மா இரு மாலதி." அதன் பிறகு டிவி சத்தம் கூடுகிறது.

சேகர் நிறுத்திவிட்டு, "சார், பின்னால ஒரு ஆம்பள வாய்ஸ் கீது, கேட்டீங்களா?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

சரவணா, உன் அம்மா சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். இரண்டு பையோடு நடந்தவள் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மார்பில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். வெயிட்டைக் குறை என்றேன். இரண்டாவது தடவை நம் படிக்கட்டில். இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நின்றாள், கால் வீங்கியிருப்பதைக் காட்டினாள். டாக்டரிடம் போகலாமா என்று அவளே கேட்டாள். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றேன். மூன்றாவது, இந்தப் பதிவு நடந்த நாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் சொல்லவே இல்லை. ஐந்து வாரம் கழித்து, ஒரு லீவு நாள் காலை பதினோரு மணிக்கு, மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போது படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ராஜிதான் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அந்த லேடி டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நாளா மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டிருந்தாங்க?" என்பதுதான். நான், "தெரியாது டாக்டர், எங்ககிட்ட எதுவும் சொல்லல" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. தானாக வந்து விழுந்தது. இதயம் பல மாதமாகப் பலவீனமாகிக்கொண்டே வந்திருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, முன்பே வந்திருந்தால் மருந்திலேயே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவர் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஓடிவந்து, "அம்மா ஒண்ணுமே சொல்லலையாப்பா?" என்று கேட்டபோது அந்தப் பொய் தயாராக இருந்தது. ராத்திரிக்குள் அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்த புண்ணியவதி என்று உன் சித்தி சொல்லி அழுதாள். பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று ஊரே புகழ்ந்தது. வாயை மூடவைத்தவன் நான், பந்தியில் நின்று எல்லோரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி என்றால் எனக்குப் பயம், அதனால்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பயம் இல்லை. எரிச்சல். ரிட்டயராகி வீட்டில் உட்கார்ந்த வருஷம் அது. யாரும் என்னைத் தேடவில்லை. அவளுக்கு ஸ்கூல் வேலை இருந்தது, கணக்கு டியூஷனுக்கு வருகிற பிள்ளைகள் இருந்தார்கள், உனக்குப் பாட்டு அனுப்புகிற வேலை இருந்தது. இத்தனைக்கும் தெம்பு இருக்கிறவளுக்கு என்னிடம் வந்து சொல்ல மட்டும் நோவா என்று நினைத்தேன். நாற்பது வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான். இதயத்துக்கான மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றி அனுப்பியவன்.

கீழ்க்கட்டளைக்கு வருகிறேன். நீ டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் நான் சேகரிடம் அந்த ஃபைலை வேறொரு பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னேன். போட்டுக் கொடுத்தார். கார்டிலிருந்து அதை அழித்துவிடுங்கள் என்றேன். "அது என்னால ஆவாது சார். அழிக்கிறதுன்னா நீங்களே அழுத்துங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நான்தான் அழுத்தினேன். நீ வந்ததும், பழைய கார்டு, அந்த ஒன்று மட்டும் போய்விட்டதாம் என்று சொன்னேன். சேகர் கீழே குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நீ கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, பதினொண்ணு இருக்கே" என்றாய். அதில்தான் எனக்கு உயிர் போயிற்று.

நீங்கள் விமானம் ஏறிய பிறகு, ஃபைலை முழுசாகக் கேட்டேன். அன்று கடையில் டிவி சத்தம் கூடிய இடத்தில் சேகர் நிறுத்திவிட்டார் அல்லவா? அதற்கப்புறமும் அது ஓடுகிறது. பள்ளிக்கரணை சதுப்பு ஓரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டேன். டிவிக்கு அடியில் அவள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருக்கிறது, சின்னச் சின்னதாக. பிறகு போனை எடுக்கிற சத்தம். பிறகு மிக மெதுவாக, தனக்குத் தானே சொல்கிறாள்: "இதை அனுப்பக் கூடாது. பிள்ளை அப்பாவைத் தப்பா நினைச்சுப்பான்." அவ்வளவுதான். முடிந்துவிடுகிறது.

அந்த வார்த்தையை அன்றைக்கு நான் கேட்கவில்லை. கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் சாகும்வரை கேட்டிருக்க மாட்டேன். ஒன்பதாவது ஃபைலில் அதே பாட்டைத் தாம்பரம் வரை முழுசாகப் பாடி உனக்கு அனுப்பியிருக்கிறாள். உன்னிடம் இருப்பது அதுதான். நல்ல ஹெட்போனில் கேட்டுப்பார். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நடுவில் நின்று மூச்சு எடுக்கிறாள். நீ தூங்குவதற்காக நிதானமாகப் பாடுகிறாள் என்றுதானே நாம் நினைத்தோம்.

மறுநாள் மறுபடி சேகரிடம் போனேன். என் குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா, அவள் குரல் இருக்கட்டும் என்று கேட்டேன். "ட்ரை பண்றேன் சார். ஆனா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கீது. உங்களைத் தூக்கினா அவங்களும் கொஞ்சம் போய்டுவாங்க" என்றார். ஒரு மணி நேரம் ஏதோ செய்து போட்டுக் காட்டினார். என் குரல் போயிருந்தது. அவள் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தில் 'பிள்ளை' என்ற சொல்லே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழையதையே எடுத்துக்கொண்டு வந்தேன். அதன்பின் தினமும் கேட்கிறேன். வண்டலூர் போகும்போது கேட்கிறேன், காய்கறி வாங்கப் போகும்போது கேட்கிறேன். இன்ஜினை நிறுத்தினாலும் அவள் டேஷ்போர்டு மேலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. இறங்கிக் கதவைச் சாத்தவே கை வருவதில்லை.

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டே செத்திருப்பேன், சரவணா. எழுதவைத்தது போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்த போன். புது வீடு, புது ஆபீஸ், குளிர் எல்லாம் சொன்னாய். நித்யா எங்கே என்று கேட்டேன். "படுத்திருக்காப்பா. மூணு வாரமா தலை சுத்துது, தலை சுத்துதுன்னு அதே பல்லவி. ஊர் சுத்தக் கூப்பிட்டா மட்டும் சுத்தாது" என்று சொல்லிச் சிரித்தாய். பின்னாலிருந்து நித்யா ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. நீ, "ஒண்ணும் இல்ல, சும்மா இரு நித்யா" என்றாய்.

போனை வைத்த பிறகு நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நீ கெட்டவன் இல்லை. நீ அவளை எப்படி வைத்திருக்கிறாய் என்று நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் உனக்குச் சொல்லித்தந்தது இல்லை. நீ இருபத்தைந்து வருஷம் அந்தக் கூடத்தில் வளர்ந்தாய், காதில் விழுந்திருக்கிறது. ஒன்றும் இல்லாமலேகூட இருக்கலாம். புது ஊர், குளிர், சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம். நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லட்டும். நீ சொல்லாதே.

இன்னொன்று. நீ ஊரில் இல்லாததால் அம்மா சாகவில்லை. நான் ஊரில் இருந்தும், அதே வீட்டில், பத்தடி தூரத்தில் இருந்தும்தான் செத்தாள். மூன்று வருஷமாக நீ தூக்கிக்கொண்டு அலைகிற பாரம் உன்னுடையது இல்லை. அதை உன் தலையில் ஏற்றியவன் நான். நீ அழும்போதெல்லாம் முதுகைத் தடவிக்கொடுத்தேன், இறக்கிவைக்கவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மா கடைசியாகப் பார்த்துக்கொண்டது நீ என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதை. அதையும் நானே கெடுத்துவிட்டேன். அவளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஃபைலை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கிறேன். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம்.

இந்த ஞாயிறு உங்கள் ஊர் மத்தியானத்தில் கூப்பிடுவேன். நீ என்னோடு பேச வேண்டியதில்லை. எத்தனை மாதம் பேசாவிட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். போனை நித்யாவிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார். எப்போதிலிருந்து சுற்றுகிறது, எழுந்திருக்கும்போதா, நடக்கும்போதா என்று அவளைக் கேட்கப் போகிறேன். அவள் தயங்குவாள், உன் முகத்தைப் பார்ப்பாள், ஒண்ணுமில்ல மாமா என்றுகூட ஆரம்பிப்பாள். நீ குறுக்கே பேசாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், அவள் சொல்லி முடிக்கட்டும்.

அப்பா